கேள்விக்குப் பிறகு மூன்று நொடி

போன மாதம் எங்கள் தலைமையாசிரியர், இதுவரை முடித்த பயிற்சிகளை ஒரு படிவத்தில் எழுதித் தரச் சொன்னார். படிவத்தில் நான்கு கட்டங்கள்: பயிற்சியின் பெயர், நாள், எத்தனை மணி நேரம், சான்றிதழ் எண். இரவுச் சாப்பாடு முடிந்ததும் போனில் சான்றிதழ்களைப் போட்டு வைத்திருந்த ஃபோல்டரைத் திறந்தேன். 43 இருந்தன. ஒவ்வொன்றாகப் பெயரைப் படித்து, இதில் என்ன கற்றேன் என்று யோசித்தேன். ஏழெட்டுக்குத்தான் ஏதாவது ஞாபகம் வந்தது. கூகுள் ஃபார்மில் வினாத்தாள் அமைப்பது, வீடியோவில் எழுத்து சேர்ப்பது, பாடப்புத்தகத்தின் க்யூஆர் கோடை ஸ்கேன் செய்து திக்‌ஷா என்ற கல்விச் செயலியில் பாடத்தைத் திறப்பது, கூகுள் மீட்டில் எல்லோருடைய மைக்கையும் மொத்தமாக அணைப்பது. இவையெல்லாம் பயன்பட்டவைதான். மீதி முப்பத்துச் சொச்சமும் வெறும் பெயர்களாக நின்றன. அவற்றின் நடுவே, எந்தச் சான்றிதழும் இல்லாத ஒரு மதிய இடைவேளை நினைவுக்கு வந்தது. முக்கால் மணி நேரம் இருந்திருக்கும். போன் வழியாகப் பாடம் நடத்துவதைப் பற்றி எனக்கு இன்று தெரிந்ததில் பெரும்பகுதி அந்த முக்கால் மணி நேரத்தில் தொடங்கியது. அதை எந்தக் கட்டத்தில் எழுதுவது? அந்தக் கேள்வி இன்னும் போகவில்லை. அதனால்தான் இந்தப் பதிவு.

நான் கணித ஆசிரியை. கன்னியாகுமரி மாவட்டத்தில் திருவட்டாறு பக்கம் மலையோரத்தில் ஒரு நடுநிலைப் பள்ளி. எங்கள் பிள்ளைகளில் பாதிப் பேருக்கு மேல் ரப்பர் தோட்டங்களில் பால்வெட்டுக்குப் போகிறவர்களின் பிள்ளைகள். கொரோனாவால் பள்ளிகள் மூடிக் கிடந்த அந்த ஒன்றரை ஆண்டில் எல்லா ஊரிலும் நடந்ததுதான் எங்கள் ஊரிலும் நடந்தது. அதையெல்லாம் திரும்பச் சொல்லப் போவதில்லை.

போனுக்கும் ஒரு கால அட்டவணை உண்டு

ஆனால் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். வெயில் ஏறினால் மரத்தில் பால் ஒழுகுவது குறைந்துவிடும் என்பதால் வெட்டுக்காரர்கள் விடியும் முன்பே நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். வெட்டி முடித்து, சிரட்டைகளில் சேர்ந்த பாலை எடுத்து, கொடுக்க வேண்டிய இடத்தில் கொடுத்துவிட்டு வீடு திரும்பப் பத்துப் பதினொரு மணி ஆகும். வீட்டில் இருக்கும் ஒரே ஸ்மார்ட்போன் அதுவரை அப்பாவின் சட்டைப் பையில். நானோ காலை ஒன்பதரைக்கு நேரலை வகுப்பு வைத்திருந்தேன், பள்ளிக்கூட மணி அதுதான் என்பதால். மழைக்காலத்தில் வெட்டு இருக்காது, போன் வீட்டில் இருக்கும். அன்றைக்கு கரன்டோ டவரோ இருக்காது. தென்மேற்கும் வடகிழக்கும் இரண்டு பருவமழையும் பெய்கிற மாவட்டம் எங்களுடையது, ஆண்டில் அப்படிப்பட்ட நாட்கள் நிறைய. கடற்கரையில் கதை வேறு. தூத்தூர், வள்ளவிளைப் பக்கம் ஆழ்கடலுக்குப் போகிறவர்கள் வாரக்கணக்கில் திரும்ப மாட்டார்கள். போகிறவர் போனும் அவரோடு போய்விடும். வீட்டில் இன்னொரு போன் இருந்தாலும், படகிலிருந்து அழைப்பு வரும் நேரத்தில் அது பிள்ளையின் கையில் இருக்கக் கூடாது. 2017 நவம்பரில் ஒக்கிப் புயல் வந்து போன கரையில் ஓர் அழைப்பைத் தவறவிடுவது எவ்வளவு பெரிய விஷயம் என்று யாரும் விளக்க வேண்டியதில்லை.

இதையெல்லாம் நான் எந்த இணையவழிப் பயிற்சியிலும் கற்கவில்லை. செயலியை இறக்குவது எப்படி என்று சொன்னார்கள். போன் யார் கையில், எத்தனை மணிக்கு இருக்கிறது என்பதை முதலில் விசாரியுங்கள் என்று ஒருவரும் சொல்லவில்லை. வகுப்புக்கு வராத பிள்ளைகளின் வீடுகளுக்கு நடந்துபோன பிறகுதான் எனக்கே தெரிந்தது. உடனே நேரலையை நிறுத்தினேன். வீடியோவாகப் பதிவு செய்து அனுப்பினால் எப்போது போன் கிடைக்கிறதோ அப்போது பார்த்துக்கொள்வார்கள் அல்லவா?

அப்படித்தான் ஆறாம் வகுப்புக்கு அந்தப் பின்ன வீடியோவைச் செய்தேன். 14 நிமிடம். ஜன்னல் வெளிச்சம் விழும் இடமாகப் பார்த்துக் கரும்பலகையை நிறுத்தி, அரிசி டப்பாவின் மேல் போனைச் சாய்த்து வைத்து, ஐந்து முறை எடுத்துத்தான் திருப்தி வந்தது. 1/2 + 1/3 எப்படிக் கூட்டுவது என்று வண்ண சாக்பீஸில் படம் போட்டு விளக்கியிருந்தேன். மறுநாள் வந்த விடைகளில் பாதிக்கு மேல் 2/5. மேலே இருப்பதை மேலோடும் கீழே இருப்பதைக் கீழோடும் கூட்டிவிடுகிற அதே பழைய தவறு. கணக்கு டீச்சர்கள் எல்லோருக்கும் பழக்கமான விடை அது. பின்னத்தை ஓர் அளவாகப் பார்க்காமல், கோட்டுக்கு மேலும் கீழும் நிற்கும் இரண்டு தனி எண்களாகப் பார்ப்பதால் வருவது. நான் வீடியோவில் சொன்னது எதுவும் அந்தப் பார்வையைத் தொடவில்லை. டேட்டா போதாமல் பாதியில் விட்டிருப்பார்கள் என்று என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டேன்.

சாளைக் குழம்பும் ஒரு ஹெட்செட்டும்

பிறகு ஒரு நாள் நேரடிப் பயிற்சிக்காகப் பல பள்ளிகளிலிருந்தும் கூடினோம். தலைப்பு, மின்னணு வளங்களைத் தயாரித்தல். மதியம் சாப்பாட்டுக்கு விட்டபோது வராந்தாவில் நாங்கள் ஐந்து பேர் ஒன்றாக உட்கார்ந்தோம். என் பக்கத்தில் கடற்கரைப் பள்ளி ஒன்றின் மூத்த ஆசிரியை. ஓய்வு பெற இன்னும் சில ஆண்டுகள்தான் இருந்தன. மரச்சீனிக் கிழங்கும் சாளைக் குழம்பும் கொண்டு வந்து எல்லோருக்கும் பங்கு வைத்தார். பேச்சுவாக்கில் என் வீடியோவைப் பற்றிச் சொன்னேன். உண்மையைச் சொன்னால், பாராட்டை எதிர்பார்த்துத்தான் சொன்னேன். "கொண்டா மக்களே, பாப்போம்" என்று கையைக் கழுவிவிட்டு வந்தார்.

ஹெட்செட்டை மாட்டிக்கொண்டவர் திரையைப் பார்க்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டார். கை விரல்கள் ஒவ்வொன்றாக மடங்கின. பத்து விரலும் முடிந்து மறுபடி ஒன்று மடங்கியது. 14 நிமிடமும் அப்படியே இருந்தார். நான் செய்த படங்கள், வண்ணங்கள் எதையும் அவர் பார்க்கவில்லை என்று எனக்குள் சிறு வருத்தம்கூட வந்தது. முடிந்ததும் ஹெட்செட்டைக் கழற்றி என் காதில் மாட்டிவிட்டார். "பதினொரு கேள்வி கேட்டிருக்கே. இப்பம் நீ கேளு. ஒவ்வொரு கேள்விக்கும் பெறகு எத்தன நொடி விடுறேன்னு எண்ணிக்கிட்டே கேளு" என்றார்.

கேட்டேன். "பாதி என்றால் என்ன? இரண்டு சம பங்கில் ஒன்று." "கீழே உள்ள எண்கள் வேறு வேறாக இருந்தால் என்ன செய்ய வேண்டும்? சமப்படுத்த வேண்டும்." "இரண்டுக்கும் மூன்றுக்கும் பொது மடங்கு என்ன? ஆறு." எண்ணுவதற்கு எதுவும் இல்லை. ஒரே ஒரு இடத்தில் ஒன்றரை நொடி இடைவெளி இருந்தது, அதுவும் சாக்பீஸ் உடைந்து கீழே விழுந்ததால். பதினொரு கேள்விக்கும் நானே பதில் சொல்லியிருந்தேன். என் குரல் அவ்வளவு வேகமாக ஓடுகிறது என்பது எனக்கு அதுவரை தெரியாது. ஐந்து முறை பதிவு செய்தபோது ஐந்து முறையும் வெளிச்சம் சரியா, எழுத்து தெரிகிறதா என்றுதான் பார்த்தேன். ஒரு முறைகூடப் பிள்ளையின் இடத்தில் உட்கார்ந்து கேட்டுப் பார்க்கவில்லை.

"கேள்வியும் நீயே கேக்குறே, பதிலும் நீயே சொல்லுறே. பிள்ளைக்க முறை எப்பம் வரும்?" அவர் இதைக் குறையாகச் சொல்லவில்லை. குழம்பில் உப்பு போதுமா என்று கேட்கிற அதே குரலில்தான் கேட்டார். எனக்குப் பதில் வரவில்லை. இந்த முறை அவர் காத்திருந்தார்.

பிறகு தன் போனை எடுத்துத் தான் அனுப்பிய பாடத்தைப் போட்டுக் காட்டினார். வீடியோ கிடையாது, வாட்ஸ்அப் குரல்பதிவு. இரண்டு நிமிடம்கூட இல்லை. அதில் அவர் பேசியது ஏறக்குறைய இதுதான்: "ஒரு சீப்பு மட்டிப்பழத்துல பன்னிரண்டு பழம் இருக்கு. அண்ணன் பாதி எடுத்துட்டான். தங்கச்சி மொத்தத்துல மூணுல ஒரு பங்கு எடுத்துட்டா. எத்தன பழம் போச்சு? இப்பம் ஆடியோவ நிறுத்து. வரைஞ்சு பாத்துட்டு வா." பதிவு அங்கே முடிந்தது. விடை இல்லை. மாலையில் இரண்டாவது பதிவு: "ஒருத்தர் 2/5-ன்னு எழுதியிருக்காங்க. நல்லது, யோசிச்சுதான் எழுதியிருக்காங்க. பாதிய எடுத்தாச்சு, அதுக்கு மேல இன்னும் கொஞ்சம் எடுத்தாச்சு. 2/5 பாதியவிடப் பெருசா, சிறுசா? எனக்குப் பதில் அனுப்பாண்டாம். ராத்திரி படுக்கும்போ யோசிச்சுக்கிட்டு படு."

2/5 பாதியை விடச் சிறியது. பாதியோடு இன்னும் கொஞ்சம் சேர்த்தால் பாதியை விடக் குறைந்துபோகுமா? இந்த ஒரு கேள்வி அந்தத் தவறின் வேரைப் பிடித்து இழுக்கிறது. பத்தொன்பது வருடமாகக் கணக்கு சொல்லிக்கொடுக்கிறேன், அந்தத் தவறை இப்படிக் கேட்டுத் திருத்தலாம் என்று எனக்குத் தோன்றியதே இல்லை. நான் விதியைத்தான் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறேன். பன்னிரண்டு பழத்தில் ஆறும் நான்கும் போனால் பத்து, அதாவது ஆறில் ஐந்து பங்கு, என்று மறுநாள் பல பிள்ளைகள் தாங்களே எழுதியிருந்தார்களாம். ஒரு பையன் மட்டும், எங்கள் வீட்டுச் சீப்பில் பதினொன்றுதான் இருந்தது, அம்மாவிடம் கேட்டு ஒன்று வாங்கி வைத்துக்கொண்டேன் என்று எழுதியிருந்தானாம். ஒரு நிமிடக் குரல்பதிவு கால் எம்பிக்குள் அடங்கிவிடும். என் வீடியோவைத் திறக்கவே பல வீடுகளில் அன்றைய டேட்டா போதாமல் இருந்திருக்கும்.

அன்று பிற்பகல் பயிற்சியில் வீடியோவின் தொடக்கத்தில் பள்ளிப் பெயர் சுழன்று வருவது எப்படி என்று காட்டினார்கள். நான் குறிப்பெடுத்தேன். மனம் அதில் இல்லை.

காத்திருப்பதைப் பற்றி

வீட்டுக்கு வந்து தேடியபோதுதான் இதற்கு ஒரு பெயரே இருக்கிறது என்று தெரிந்தது: காத்திருப்பு நேரம். மேரி பட் ரோ என்ற அமெரிக்க அறிவியல் கல்வியாளர் 1970-களில் ஏராளமான வகுப்பறை ஒலிப்பதிவுகளைக் கேட்டு ஆராய்ந்தவர். ஆசிரியர் கேள்வி கேட்டுவிட்டுப் பெரும்பாலும் ஒரு நொடிதான் காத்திருக்கிறார் என்று கண்டார். அதையே மூன்று நொடியாக நீட்டினால் பிள்ளைகளின் பதில் நீளமாகிறது, வழக்கமாகப் பேசாதவர்கள் பேசுகிறார்கள், பதிலே வராமல் போவது குறைகிறது. நேரில் நடக்கும் வகுப்பிலேயே மூன்று நொடி தேவை என்றால் போனில்? கேள்வி சிக்னல் வழியாகப் போய்ச் சேரவே ஒரு நொடி. மைக் பொத்தானைத் தேடி அழுத்த இரண்டு மூன்று நொடி. "பேசலாமா" என்ற தயக்கம் தனி. நாம் அதற்குள் "சரி, யாருக்கும் தெரியல போல, நானே சொல்றேன்" என்று ஆரம்பித்துவிடுகிறோம். பதிவு செய்த வீடியோவிலோ மௌனம் விட்டால் வீடியோ நின்றுவிட்டது என்று பிள்ளை நினைத்துக்கொள்ளும். அதனால் அதை வாயால் சொல்ல வேண்டியிருக்கிறது: நிறுத்து, எழுது, பிறகு வா. நேரலையில் நான் பிற்பாடு பழகிய வழி ஒன்று உண்டு. எல்லோரும் விடையைச் சாட்டில் தட்டி வைத்துக்கொள்ள வேண்டும், அனுப்பக் கூடாது. நான் "இப்போ" என்றதும் ஒரே நேரத்தில் அனுப்ப வேண்டும். முதலில் வருகிற கெட்டிக்காரப் பிள்ளையின் விடையைப் பார்த்து மற்றவர்கள் எழுதுவது அப்படித்தான் நின்றது.

எனக்கு அதிகம் உறுத்துவது, இது நமக்குப் புதிதே இல்லை என்பதுதான். பி.எட். படித்த எவருக்கும் நுண்ணிலைக் கற்பித்தல் நினைவிருக்கும். ஒரே ஒரு திறன், வினா கேட்பதோ வலுவூட்டுவதோ, ஐந்தாறு நிமிடப் பாடம், சக மாணவ ஆசிரியர்கள் முன்னால். அவர்கள் குறை நிறை சொல்வார்கள். திட்டத்தை மாற்றி மறுபடியும் அதே பாடத்தை நடத்த வேண்டும். 1960-களில் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் டுவைட் ஆலனும் கூட இருந்தவர்களும் இதை உருவாக்கியபோது, பாடத்தைப் பதிவு செய்து நடத்தியவருக்கே போட்டுக் காட்ட வீடியோக் கருவியைப் பயன்படுத்தினார்கள். அன்றைக்கு அது பெரிய செலவு. இன்று அந்தக் கருவி எங்கள் பள்ளியில் ஒவ்வோர் ஆசிரியர் கைப்பையிலும் இருக்கிறது. நாம் அதை எதற்குப் பயன்படுத்துகிறோம்? யாரோ எங்கோ பேசிப் பதிவு செய்த விரிவுரையைப் பார்க்க. "அடுத்து", "அடுத்து" என்று அழுத்தி, கடைசியில் கொள்குறி வினாக்களுக்கு விடை போட்டுச் சான்றிதழை இறக்க. நானும் அப்படித்தான் செய்தேன். ஒரு பக்கம் விரிவுரை ஓடும், மறுபக்கம் நான் தேங்காய் துருவிக்கொண்டிருப்பேன். என் பிள்ளைகள் என் வீடியோவை ஓடவிட்டு நண்பனின் விடையைப் பார்த்து எழுதினார்கள் என்றால், அவர்களைக் கோபித்துக்கொள்ள எனக்கு என்ன இருக்கிறது? 43 சான்றிதழ் வாங்கியிருக்கிறேன். அவற்றில் ஒன்றுகூட, உங்கள் பாடத்தை ஒரு தடவை போடுங்கள், கேட்கிறோம் என்று சொன்னதில்லை.

ஐந்து பேர் குழு

அந்த வராந்தாவில் இருந்த ஐந்து பேரும் ஒரு வாட்ஸ்அப் குழு தொடங்கினோம். வாரம் ஒருவர், தான் பிள்ளைகளுக்கு அனுப்பிய பாடக் குரல்பதிவைப் போட வேண்டும். மற்ற நால்வரும் ஆளுக்கு ஒரே ஒரு கேள்வி கேட்கலாம். "அருமை", "சூப்பர்", கைதட்டும் பொம்மை, எதுவும் கூடாது. இந்தக் கடைசி விதியைக் காப்பாற்றுவதுதான் பெரும்பாடாக இருந்தது. பாராட்டாமல் இருந்தால் மரியாதைக் குறைவு என்று பழகியவர்கள் நாம். முதல் மாதம் எல்லோருக்கும் கூச்சம். ஒருவர் இரண்டாவது வாரமே விலகிவிட்டார். நான் போட்ட முதல் பதிவுக்கு வந்த ஒரு கேள்வி இன்னும் நினைவிருக்கிறது: "நாலு தடவ புரிஞ்சுதான்னு கேட்டிருக்கீங்க டீச்சர். புரியலன்னு ஒரு பிள்ளையால சொல்ல முடியுமா?" அதற்குப் பிறகு "புரிஞ்சுதா" என்ற சொல்லை விடவே எனக்கு ஓர் ஆண்டு ஆனது.

எங்களில் ஒரு அறிவியல் சார் இருந்தார். பேச்சிப்பாறைக்கு மேலே, டவரே இல்லாத இடத்துப் பிள்ளைகள் அவருக்கு. ரேஷன் வாங்கப் பெற்றோர் கீழே இறங்கும் நாளில் கடை வாசலில் நின்று ப்ளூடூத்தில் பாடத்தை ஏற்றி அனுப்புவார். மண் பற்றிய பாடம் வந்தபோது அவர் அனுப்பியது நல்ல விளக்கம்தான். கடற்கரை அக்கா அதற்குக் கேட்ட கேள்வி, "உம்ம பிள்ளையளுக்க முற்றத்துல என்ன மண்ணு?" அவ்வளவுதான். அடுத்த வாரம் மலைப் பிள்ளைகள் தங்கள் வீட்டுச் செம்மண்ணைப் படம் பிடித்து அனுப்ப, இங்கிருந்து அது கடற்கரைக்குப் போனது. மணவாளக்குறிச்சிப் பக்கத்துப் பிள்ளைகள் கருமணல் படிந்த கரையைப் படம் பிடித்து மலைக்கு அனுப்பினார்கள். இந்த மணல் ஏன் கறுப்பு என்று மலைப் பிள்ளைகள் கேட்க, இல்மனைட், மோனசைட் என்ற கனிமங்களின் பெயர்கள் புத்தகத்துக்கு முன்பே அவர்கள் வாய்க்கு வந்துவிட்டன. நாற்பது கிலோமீட்டர்கூட இல்லாத தூரத்தில் இருக்கும் இரண்டு ஊர்ப் பிள்ளைகள் ஒருவர் மண்ணை ஒருவர் முதன்முதலாகப் பார்த்தது போனில். கைபேசிவழிக் கற்றல் என்ற சொல்லைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு அந்த இரண்டு படங்கள்தான் ஞாபகம் வரும்.

2020-ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை, ஓர் ஆசிரியர் ஆண்டுக்குக் குறைந்தது 50 மணி நேரம் பணித்திறன் மேம்பாட்டில் ஈடுபட வேண்டும் என்கிறது. அந்தக் கொள்கை மீதான விவாதத்துக்குள் நான் போகவில்லை. 50 மணி நேரம் எனக்குச் சம்மதமே, கூடவே வேண்டுமானாலும் தாருங்கள். அதில் பத்து மணி நேரத்தையாவது நாலைந்து ஆசிரியர்கள் சேர்ந்து ஒருவர் பாடத்தை ஒருவர் கேட்பதற்கு விடுங்கள் என்பதுதான் என் வேண்டுகோள். தேரூரில் இருக்கும் நம் மாவட்ட ஆசிரியர் கல்வி மற்றும் பயிற்சி நிறுவனத்துக்கோ வட்டார வள மையங்களுக்கோ இதற்காகப் புதிய கட்டடமோ சர்வரோ வேண்டாம். பக்கத்துப் பள்ளி ஆசிரியர்கள் கூடும் குறுவள மையக் கூட்டத்தில் ஒரு ஹெட்செட், பேச்சைக் குறைத்துக் கேட்கத் தெரிந்த ஒரு மூத்த ஆசிரியர், இவை போதும். 91.75 சதவீதம் என்று 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டிலேயே எழுத்தறிவில் முதலில் நின்ற மாவட்டம் இது. அப்படிப்பட்ட மூத்த ஆசிரியர்களுக்கு இங்கே பஞ்சம் வராது. ஆசிரியருக்கு மதிப்பெண் போடுகிற வேலையாக இதை ஆக்கிவிட வேண்டாம். மேலதிகாரி கேட்கப் போகிறார் என்றால் யாரும் தன் நல்ல பாடத்தைத்தான் போடுவார்கள். தோற்ற பாடத்தைத் தைரியமாகப் போட முடிந்ததால்தான் எங்களுக்கு அது உதவியது.

அக்கா இப்போது ஓய்வு பெற்றுவிட்டார். பிள்ளைகள் எப்போதோ வகுப்பறைக்குத் திரும்பிவிட்டார்கள். எங்கள் குழு மட்டும் இருக்கிறது. இப்போது வகுப்பறைப் பாடத்தையே மேசை மேல் போனை வைத்துக் குரலாக மட்டும் பதிவு செய்து போடுகிறோம், கேட்டபின் அழித்துவிடுகிறோம். இந்த வாரம் என் முறை. மறுபடியும் ஆறாம் வகுப்பு, மறுபடியும் பின்னம், அதே பன்னிரண்டு பழம். கேள்வி கேட்டுவிட்டுக் காத்திருந்தேன், எண்ணினால் ஏழு நொடி வரும். எனக்கே நிறைவாக இருந்தது. வெள்ளிக்கிழமை இரவு குழுவில் போட்டேன்.

நேற்று காலை அக்காவின் கேள்வி வந்தது. "நீ பேச ஆரம்பிச்சப்பம் பின்னால ஒரு பிள்ளை என்னவோ சொல்லுதே, அது யாரு?" எனக்கு அப்படி எதுவும் கேட்ட ஞாபகம் இல்லை. ஹெட்செட்டை மாட்டி, சத்தத்தைக் கூட்டி, மூன்று முறை போட்டுக் கேட்டேன். நான் "சரி" என்று தொடங்கும் அந்த நொடியில், கடைசி பெஞ்சிலிருந்து, அனேகமாக வாயே திறக்காத பெண் ஒருத்தி மெதுவாகக் கேட்கிறாள்: "டீச்சர், பதிமூணு பழம் இருந்தா?"

திங்கட்கிழமை அங்கிருந்துதான் தொடங்கப் போகிறேன். படிவம் இன்னும் மேசை மேல் இருக்கிறது.